எண்ணெய் பார்க்கும் கை

தவசிமுத்து சார் கோபப்படாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் அன்றைக்கு மழை வரும் என்று சாத்தாங்காட்டில் சொல்வார்கள். சாத்தாங்காட்டில் மழை ரொம்பக் குறைவு. அவர் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி நடுவர். இரண்டுக்கும் ஒரே விசில், ஒரே முகம். சொந்தத் தங்கச்சி மாப்பிள்ளையையே, கட்டைவிரல் கோட்டுக்கு வெளியே பட்டது என்று அனுப்பியவர். அந்த மாப்பிள்ளை அதற்கப்புறம் அவர் வீட்டில் கை நனைத்ததில்லை. சாருக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் கட்டைவிரல் பட்டது பட்டதுதான்.

எல்லாவற்றையும்விட ஆட்டக்காரர்கள் பயந்தது அவருடைய எண்ணெய்ச் சோதனைக்கு. கபடியில் உடம்பில் எண்ணெய் தடவக்கூடாது. தடவினால் பிடி வழுக்கும். பிடி வழுக்கினால் அப்புறம் அது என்ன ஆட்டம்? அதனால் தொடங்கும் முன் நடுவர் ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும். மற்ற நடுவர்கள் வெள்ளைத் துணியால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தவசிமுத்து சார் துணியை நம்புகிறவர் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, தொடை, கெண்டைக்கால், மணிக்கட்டு, பிடரி என்று மாவு பிசைகிற மாதிரி அழுத்தித் தேய்ப்பார். பிறகு கையை மோந்து பார்ப்பார். விளக்கெண்ணெயா, தேங்காயெண்ணெயா, பிள்ளைகளுக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெயா என்று அங்கேயே அறிவித்துவிட்டு ஆளை வெளியே அனுப்புவார். எண்ணெய் இருக்கிறவனை அவர் விட்டதில்லை, இல்லாதவனுக்கு இருக்கிறது என்று சொன்னதுமில்லை. எண்ணெய்க்காரன் என்று பெயர் வாங்கியவன் அந்த வட்டாரத்தில் அப்புறம் எந்த அணியிலும் ஆட முடியாது. திருடனைக்கூட ஒரு தீபாவளி கழிந்ததும் மன்னித்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு அந்த வருஷத் தொடர் போட்டியில் என்னமோ ஆகிவிட்டது. பக்கத்து ஊரான முள்ளிவிளை ஆடிய முதல் ஆட்டத்தில், எதிரணிக்காரன் ஒருவன் மூக்கோடு மூக்கு இடிக்க வந்து நின்று, "கண்ணு தெரியலையா சார்?" என்று கேட்டான். மைதானமே அடுத்து வரப்போகிறதற்காகக் காதைப் பொத்திக்கொண்டது. தவசிமுத்து சார் அவனை அன்போடு பார்த்து, "சரி தம்பி, அடுத்த தடவ நல்லாப் பாக்கேன்" என்றார். கேட்டவன் பயந்துபோய்த் தன் இடத்துக்கு ஓடிவிட்டான்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. விசில் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. வேறு ஊர்க்காரர்கள் ஆடினால் பழைய தவசிமுத்துதான், எரிந்து விழுவார். முள்ளிவிளை ஆடினால் மட்டும் ஆள் பசுவாகிவிடுவார். முள்ளிவிளைக்காரர்கள் அவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. என்ன கொடுத்திருப்பார்கள் என்பதில்தான் கருத்து வேறுபாடு. தென்னந்தோப்பு என்றார்கள் சிலர். ஆள் லஞ்சம் வாங்கிப் பழக்கமில்லாதவர், மலிவாகவே முடித்திருப்பார்கள் என்றார்கள் சிலர்.

முள்ளிவிளை ஜெயித்துக்கொண்டே வந்தது பேச்சுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. ஜெயித்துக் கொடுத்தவன் இசக்கிராஜ். இரண்டு வருஷம் மைதானத்துப் பக்கமே தலைகாட்டாமல் வாழை இலைக் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு இந்த வருஷம் திரும்பி வந்தவன். முதல் பாதியில் சுமாராகத்தான் ஆடுவான். அப்புறம் ஆட ஆட வேர்வை கூடியதும் அவனை யாராலும் பிடிக்க முடியாது. பிடித்தவர்கள் பிடித்தபடியே ஏதோ யோசனையில் ஆழ்ந்துபோனார்கள். சண்டைக்குப் பேர்போன கருங்காட்டு அணி அவனிடம் தோற்றுவிட்டு, முள்ளிவிளைக்காரர்களுக்குக் கைதட்டிவிட்டு, வேனில் ஏறித் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தது. மலையாள மந்திரவாதி வேலை என்று கருங்காட்டில் முடிவு செய்தார்கள்.

விஷயத்தை முதலில் பிடித்தது ரெஜினா. அவள் தவசிமுத்து சாரின் மனைவி, அரசு மருத்துவமனையில் நர்ஸ். இது நடந்த காலத்தில் மாத்திரை முழுங்குகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காலையில் பல் தேய்த்த கையோடு முழங்கையில் ஒரு சொட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மிச்சத்தைத் தோல் பார்த்துக்கொள்ளும். ஊசி போடுகிற கை மறந்தே போயிற்று என்று ரெஜினா அலுத்துக்கொள்வாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மைதானத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னைக்குக் கொழம்புல உப்பே போடல."

"அப்படியா?"

"வேணும்னுதான் போடல. சொல்லுதியளான்னு பாத்தேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்று அவர் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

ரெஜினா அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"நாப்பத்தாறு. தூங்கும்போதே எம்பது அடிக்கிற ஆளு நீங்க. நெஞ்சுத் துடிப்ப அடக்குத மருந்து உங்க ஒடம்புல போயிருக்கு. எதக் குடிச்சிய?"

"நீ குடுத்த காப்பி. மைதானத்துல தண்ணி."

"எதத் தொட்டிய?"

"பதினாலு பேரு தொடை" என்றார் தவசிமுத்து சார்.

ரெஜினா அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "திருநெல்வேலியில ஒரு ஆராய்ச்சி நடக்கு. நெஞ்சுத் துடிப்பு கண்டபடி ஏறுதவங்களுக்குப் புதுத் தைலம். அதுல கண்ணுக்குத் தெரியாத உருண்டைங்க. ஒரு தலைமுடித் தடிமன்ல ஆயிரம் உருண்டை வரிசையா நிக்கும், அவ்வளவு சின்னது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் மருந்து. தோலுக்குள்ள போய்ச் சும்மா கெடக்கும். வேர்த்தா மட்டும் தொறக்கும். கொஞ்சம் வேர்த்தா கொஞ்சம், ரொம்ப வேர்த்தா ரொம்ப. ஓடுதவனுக்கு மருந்து, உக்காந்துருக்கவனுக்கு ஒண்ணுமில்ல."

"வேர்த்தவன இன்னொருத்தன் தொட்டா?"

"அதத்தான் கேக்கணும்."

அந்த ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் சுகிர்தாவின் எண் ரெஜினாவிடம் இருந்தது. ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்துக்கொண்டு, பொதுவாக ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தாள்.

"அடுத்தவங்களுக்குப் போகாதும்மா" என்றார் டாக்டர். "அத முதல்லயே சோதிச்சிட்டோம். மருந்து போட்டவங்களையும் போடாதவங்களையும் கைகுலுக்க வெச்சுப் பாத்தோம். ஒண்ணுமே போகல."

"கைகுலுக்கியா டாக்டர்?"

"சோதனை முறை வெளிநாட்டுல எழுதினது. அங்க அப்படித்தான் தொட்டுக்கிறாங்க. ரொம்ப நேரம் இறுக்கிப் பிடிச்சா, வேர்வையோட வேர்வை கலந்தா, கொஞ்சம் போகலாம். ஆனா யாரு யாரை அப்படிப் பிடிச்சிக்கிட்டு இருக்கப் போறாங்க? குடும்பத்துலகூட இல்ல."

"ஏழு பேரு சேந்து ஒருத்தர் மேல விழுந்தா?"

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. "ஏழு பேரா? எவ்வளவு நேரம்? அவங்க பேரு, வயசெல்லாம் கிடைக்குமா?"

"சும்மா கேட்டேன் டாக்டர். அவங்களுக்கு ஏதாவது ஆகுமா?"

"நல்லா இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் மந்தமா இருக்கும், அவ்வளவுதான். இளைப்பு உள்ளவங்களுக்கு மட்டும் ஆகவே ஆகாது. மூச்சுக்குழாய் சுருங்கிடும், ஆளே போயிடலாம். அதனாலதான் ஆராய்ச்சியில அவங்களைச் சேர்க்கவே இல்ல. அந்த ஏழு பேரு..."

ரெஜினா இணைப்பைத் துண்டித்தாள். தவசிமுத்து சார் இன்னும் நாற்பத்தாறிலேயே இருந்ததால் அவருக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. விடிந்த பிறகுதான் உறைத்தது: தைலம் இசக்கிராஜிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். இறுதி ஆட்டம் முள்ளிவிளைக்கும் சாத்தாங்காட்டுக்கும். சாத்தாங்காட்டில், பாடி வருகிறவனின் தொடையைப் பிடித்து மடக்குகிறவன் லிங்கத்துரை. லிங்கத்துரை பள்ளியில் அவரிடம் படித்தவன். மூச்சு வாங்கி உதடு நீலமாகிப்போன அவனை ஒருநாள் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவரே அவர்தான்.

புதன்கிழமை இலைக் கடைக்குப் போனார். இசக்கிராஜ் தனியாக உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"நெஞ்சுக்குத் தைலம் போடுதியா?" என்று கேட்டார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க, சொல்லுதேன்."

"குடுத்தேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஆட்டத்துல மயங்கி விழுந்தேன்லா சார், வெயில்னு சொன்னோம். வெயில் இல்ல, நெஞ்சு. ஓடுனா துடிப்பு ஏறிக்கிட்டே போகுது, அடக்கலன்னா ஒருநாள் நின்னுரும்னு சொன்னாவ. மாத்திரை குடுத்தாவ. அதப் போட்டா படியேறக்கூடத் தெம்பு இல்ல. ரெண்டு வருஷமா இந்த எலையத்தான் அடுக்கிட்டு இருந்தேன். அப்புறந்தான் இந்தத் தைலம்."

"கபடி ஆடுவேன்னு டாக்டர்ட்ட சொன்னியா?"

"ஓட்டப்பந்தயம்னு சொன்னேன். கபடின்னு சொன்னா குடுத்துருக்க மாட்டாவ."

"மத்தவன் கை தளருதது உனக்குத் தெரியுமா?"

"மூணாவது ஆட்டத்துலதான் தெரிஞ்சது" என்றான். "அதுவரைக்கும் என் வேகம்னுதான் நெனச்சேன் சார்."

தவசிமுத்து சாருக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவப்படுவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் இலைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சட்டத்துல எண்ணெய் தடவக்கூடாதுன்னுதான் இருக்கு சார். மருந்து தடவக்கூடாதுன்னு இல்ல."

அது உண்மைதான். சட்டப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். அவர் லிங்கத்துரையின் இளைப்பைப் பற்றிச் சொன்னார். பிடித்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார். இசக்கிராஜ் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ ஆடாத" என்றார் கடைசியில்.

"பைனல் சார்."

"ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிரு."

"ஏற்கெனவே ஒருக்க மயங்கி விழுந்தவன். ஒடம்புக்கு முடியலன்னு சொன்னா என்னன்னு நோண்டுவாவ. தை மாசம் கல்யாணம் பேசியிருக்கு. நெஞ்சு சீக்காளின்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா?" கத்தியை எடுத்து அடுத்த இலையை நறுக்கினான். "நான் ஆடுவேன் சார்."

அங்கிருந்து நேராக லிங்கத்துரையைத் தேடிப் போனார். அவன் டீக்கடையில் கூட்டாளிகளோடு இருந்தான்.

"ஏல, ஒன் எளப்பு இப்ப எப்படி இருக்கு?"

லிங்கத்துரை சுற்றி இருந்தவர்களைப் பார்த்தான். "எளப்பா? எனக்கா? அது எங்க அண்ணனுக்குல்லா சார்."

லிங்கத்துரைக்கு அண்ணன் கிடையாது. தவசிமுத்து சார் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் வழியை யோசிக்காமல் இல்லை. போட்டிக் குழுவிடம் சொல்லலாம், ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. நடுவர் பொறுப்பிலிருந்து விலகலாம். வேறு ஒருவர் வந்து வெள்ளைத் துணியால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு இசக்கிராஜை உள்ளே அனுப்புவார், அவ்வளவுதான் நடக்கும். தன்னிடம் உருப்படியாக இருப்பவை வாக்கும் கையும்தான் என்று அவருக்குத் தெரியும். அந்த இரண்டில் ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டாக வேண்டும். வாக்கை விட்டால் இசக்கிராஜின் கல்யாணம் போகும். கையை விட்டால் தன் பெயர் மட்டும்தானே போகும் என்று கணக்குப் போட்டார். எண்ணெய்க்காரன் என்ற பெயர் யாருக்குப் போய்ச் சேரும் என்பது அந்தக் கணக்கில் எப்படியோ விட்டுப்போயிற்று. அவனைச் சும்மா ஓர் ஆட்டத்திலிருந்து நிறுத்துவதாகத்தான் நினைத்தார்.

ஞாயிறு மதியத்திலிருந்தே அவருக்குக் கை நடுங்கியது. விசிலைக் கழுத்தில் மாட்டவே இரண்டு தடவை முயன்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். சொல்லும்போது கை நடுங்கினால் ஊரே கண்டுகொள்ளும் என்று பயமாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது: பயத்துக்கு மருந்துதான் இசக்கிராஜின் தொடையிலேயே இருக்கிறதே.

மைதானம் நிரம்பியிருந்தது. உடம்பைச் சூடாக்க ஓடிவிட்டு வேர்த்து வழிய வந்து நின்றார்கள் முள்ளிவிளைக்காரர்கள். தவசிமுத்து சார் வரிசையாகச் சோதித்துக்கொண்டே வந்து இசக்கிராஜைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அவன் தொடையில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்தினார். கெண்டைக்கால், மணிக்கட்டு, பிடரி, மறுபடியும் தொடை. மருந்து இறங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இறங்கியது. நடுக்கம் நின்றது. மனசு தெளிந்த தண்ணீர் மாதிரி ஆயிற்று. அவர் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"விளக்கெண்ணெய்" என்றார்.

"சார்?" என்றான் இசக்கிராஜ்.

"வெளிய போ."

குரலில் ஒரு பிசிறும் இல்லை. மைதானத்தில் கைதட்டல் கிளம்பியது. தென்னந்தோப்புக் கதை அந்த நிமிஷமே செத்துப்போயிற்று. தன்னை விலைக்கு வாங்கிய அணியின் சிறந்த ஆட்டக்காரனை எந்த நடுவராவது வெளியே அனுப்புவாரா? முள்ளிவிளை ஆட்கள் நடுவரை அடிக்க வருவார்கள் என்று போலீஸ்காரர் இருவர் தயாராக நின்றார்கள். முள்ளிவிளை ஆட்கள் இசக்கிராஜை அடிக்கத்தான் வந்தார்கள். அணித்தலைவன் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். ஒருத்தனாவது குனிந்து அவன் காலை மோந்து பார்த்திருக்கலாம். தவசிமுத்து சார் மோந்த பிறகு இன்னொருவர் மோந்து பார்ப்பது அந்த வட்டாரத்தில் வழக்கமில்லை.

சாத்தாங்காடு ஜெயித்தது. லிங்கத்துரை ஐந்து பேரைப் பிடித்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவனுக்கு மூச்சு நன்றாகவே இருந்தது.

அன்று ராத்திரி ரெஜினா, "நாடி பாக்கட்டா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றார். மருந்து தெளிந்ததும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், கோபமும் வெட்கமும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்த்துத் தயாராகப் படுத்தார். நன்றாகத் தூக்கம் வந்தது. திங்கட்கிழமையும் ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளியில் பையன்களை வழக்கம்போலத் திட்டினார், வழக்கம்போலச் சாப்பிட்டார். இந்த முறை மருந்து கொஞ்சம் அதிகமாகத்தான் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பொய்யைச் சொன்னது தான் இல்லை, மருந்துதான் என்பது அவருக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. இதற்கிடையில் போட்டிக் குழுச் செயலாளர் வந்து, பரிசளிப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இசக்கிராஜ் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றான். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"லிங்கத்துரை நல்லாருக்கான்லா?" என்று தவசிமுத்து சார் பேச்சை ஆரம்பித்தார். "எனக்கு வேற வழி தெரியலப்பா. மருந்தோட நீ உள்ள போயிருந்தா..."

"மருந்து போடல சார்."

"என்ன?"

"நீங்க கடைக்கு வந்து லிங்கத்துரையப் பத்திச் சொன்னியல்லா, அன்னைக்கே நிறுத்திட்டேன். நாலு நாளும் நாரு போட்டு, சோப்புப் போட்டுத் தேச்சுக் குளிச்சேன். நிறுத்துனா மூணு நாள்ல தோலோட உரிஞ்சி போயிரும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ." அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "எண்ணெயும் இல்ல, மருந்தும் இல்ல. வெறும் தோலுதான் சார் தொட்டிய."

தவசிமுத்து சார் ஒரு படி கீழே இறங்கினார்.

"அப்ப உன் நெஞ்சு?"

"நாப்பது நிமிஷந்தான. தாங்கும்னு நெனச்சேன்."

"தாங்கலன்னா?"

"அது என் நெஞ்சுதான சார். லிங்கத்துரை நெஞ்சு இல்லியே."

ரெஜினா டீ கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை.

"கல்யாணம் நின்னுபோச்சு. பொண்ணோட அப்பா பழைய ஆட்டக்காரரு. எண்ணெய் இல்லன்னு நம்ப வைக்கதுக்காக நெஞ்சு சீக்கு, தைலம் எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன். சீக்குன்னா என்னல, பாத்துக்கிடலாம், எல்லாருக்கும் ஒண்ணு இருக்கத்தான் செய்யும்னாரு. எண்ணெயத்தான் பொறுக்க மாட்டேன்னாரு. அதான் இல்லன்னு சொல்லுதேனேன்னேன். தவசிமுத்து பொய் சொல்லுவாரான்னு கேட்டாரு." டீயைப் படியில் வைத்தான். "நான் என்னத்தச் சொல்ல?"

"நான் வந்து..."

"நான் எதுவும் கேட்டு வரல சார். நீங்க மருந்தத் தொட்டதா நெனச்சிட்டு இருப்பியளோன்னு தோணுச்சு. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் போன பிறகு அந்த டீ ஆறி, அதில் ஓர் எறும்பு விழுந்து நீந்தியது. தவசிமுத்து சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசில் ஓடியது ஒன்றுதான். அன்று மைதானத்தில் நடுக்கம் நின்றது. குரல் பிசிறவில்லை. நாலு ராத்திரி நன்றாகத் தூங்கினார். இதற்கெல்லாம் காரணமாக எந்தத் தைலமும் இல்லை. இத்தனை வருஷம் தனக்குப் பொய் சொல்ல வராது என்று நம்பிக்கொண்டிருந்தார். வந்தது. அதுவும் சுலபமாக வந்தது. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"என்ன செய்யப் போறிய?" என்று ரெஜினா கேட்டாள்.

"தெரியல" என்றார்.

விழா ஞாயிறு மாலை அதே மைதானத்தில் நடந்தது. சாத்தாங்காட்டு அணிக்குக் கோப்பை கொடுத்தார்கள். லிங்கத்துரைக்குத் தனியாக ஒரு கேடயம். செயலாளர் மைக்கைப் பிடித்து, காசுக்கும் சாதிக்கும் ஊருக்கும் வளையாத கை என்று ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். பொன்னாடையைப் போர்த்தி, மைக்கைக் கொடுத்தார்.

தவசிமுத்து சாருக்குக் கை நடுங்கியது. பொன்னாடை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"முள்ளிவிளை இசக்கிராஜ் ஒடம்புல எண்ணெய் இல்ல" என்றார். "நான் பொய் சொன்னேன்."

மேடையில் என்ன சொன்னாலும் தட்டிப் பழகியவர்கள் முதலில் கைதட்டினார்கள். அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை கைதட்டல் பாதியில் நின்றது. செயலாளர் சிரித்துக்கொண்டே மைக்குக்குக் கை நீட்டினார். சார் கொடுக்கவில்லை. லிங்கத்துரை கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

கூட்டத்தின் நடுவிலிருந்து யாரோ ஒருவன் எழுந்து கத்தினான்: "எவன் என்ன குடுத்தான்னு சொல்லும். சாத்தாங்காட்டுக்காரன் குடுத்தானா?"

"யாரும் எதுவும் குடுக்கல" என்றார் தவசிமுத்து சார். "நானாத்தான் சொன்னேன்."